பிளஸ் டூவுக்கும் சம்பளத்துக்கும் நடுவே

“அந்தமான்ல பொண்ணுங்க எல்லாரும்தான் படிச்சிட்டாங்களே, இன்னும் என்ன குறை?” டீ குடிக்க உட்கார்ந்தால் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். கேட்பவர் நல்ல மனதோடுதான் கேட்கிறார். அவர் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கிறது. மீதிப் பாதியை நிதானமாகப் பேசுவோம்.

முதலில் உண்மைப் பாதி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த அந்தமான் நிகோபார் தீவுகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 90 பேர், பெண்களில் 82 பேர். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பெண்களில் சுமார் 65 பேர்தான். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், நாம் வைத்துப் பேச இந்தக் கணக்குதான் இருக்கிறது. ஆக, படிப்பில் தீவுப் பெண்கள் முன்னே நிற்கிறார்கள்.

அதே கணக்கெடுப்பின் இன்னொரு அட்டவணையைப் பாருங்கள். கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லாரையும் சேர்த்து எண்ணியதில், இங்கே ஆண்களில் நூற்றுக்கு 60 பேர் வேலை செய்பவர்கள். பெண்களில் 18 பேர். நாடு முழுக்கப் பார்த்தால் பெண்களில் 25 பேருக்கு மேல் வருகிறார்கள். படிப்பில் நாட்டை முந்திய பெண்கள் வேலைக் கணக்கில் பின்தங்கிவிட்டார்கள். பள்ளி வாசலுக்கும் சம்பளப் பட்டியலுக்கும் நடுவே இவர்கள் எங்கே போனார்கள்?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1858இல் வெள்ளைக்காரன் இங்கே கைதிக் குடியிருப்பை அமைத்தான். 1883இல் சாத்தம் மரஅறுவை ஆலை வந்தது. காட்டில் மரம் வெட்டவும், துறைமுகத்தில் சுமை இறக்கவும், ரோடு போடவும் ஆள் தேவைப்பட்டது. தீவு கூப்பிட்டது ஆண்களைத்தான். 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 318 பெண்கள்தான் இங்கே இருந்தார்கள். 2011இல்கூட 876தான். நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் தாத்தா முதலில் தனியாகக் கப்பலேறி வந்து, கால் ஊன்றிய பிறகே பாட்டியை வரவழைத்தார். வேலை, குவார்ட்டர்ஸ், ஷிப்ட் நேரம் எல்லாமே வந்திறங்கிய ஆணை மனதில் வைத்து அமைந்தவை. பெண் வேலைக்குப் போக நினைத்தபோது அவளுக்குத் திறந்திருந்தவை பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அங்கன்வாடியும்தான்.

அடுத்தது தூரம். மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியாது. போர்ட்பிளேரில், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அதே ஊரில், ஜவஹர்லால் நேரு அரசுக் கல்லூரி 1967இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பட்டம் வேண்டுமென்றால் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ கப்பலேற வேண்டும். ஒரு வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் அனுப்ப முடியும் என்றால் யாரை அனுப்பியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வடக்கே டிக்ளிபூரில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். தலைநகரம் முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். பாராடாங்கைத் தாண்டியதும் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பஸ்ஸோடு படகில் ஏறி அக்கரை சேர வேண்டும். அதற்கப்புறம் ஜாரவாப் பழங்குடியினரின் காடு. அங்கே வண்டிகள் தனித்தனியாகப் போக முடியாது. குறித்த நேரத்துக்குப் போலீஸ் காவலோடு கான்வாயாகத்தான் போகும். ஒரு கான்வாய் தப்பினால் அடுத்தது வரும்வரை ரோட்டோரத்தில் காத்திருக்க வேண்டியதுதான். இதுவே தெற்குக் கோடியில் கேம்பல் பேயில் இருக்கும் பெண்ணென்றால் கப்பலை நம்ப வேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பல் கேன்சல்.

தூரம் பையனுக்கும் அதே தூரம்தான். ஆனால் அவன் நண்பர்களோடு ஒரு ரூமில் ஒண்டிக்கொள்வான், கான்வாய் தப்பினால் ஜெட்டியிலேயே படுத்துக்கொள்வான். பெண்ணுக்கு விடுதியில் ஒரு கட்டில் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் சொந்தக்காரர் வீடு, அதுவும் இல்லையென்றால் படிப்பே இல்லை. அதனால்தான் 1990இல் மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி வந்ததை நான் வெறும் கட்டடத் திறப்பாகப் பார்ப்பதில்லை. டிக்ளிபூருக்கும் ரங்கத்துக்கும் நடுவே ஒரு கல்லூரி வந்ததால், கடலையும் காட்டையும் தாண்டாமலே பட்டம் வாங்க வழி பிறந்தது. பெண் கல்விக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் விடுதிக்கு ஒதுக்குங்கள் என்பேன்.

மூன்றாவது விஷயம், எண்ணும் விதம். கணக்கெடுப்பவர் வாசலில் நின்று “நீங்க என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்கிறார். “நான் வீட்ல சும்மாதான் இருக்கேன்” என்கிறாள் அந்த அம்மாள். காலையில் பாக்குத் தோட்டத்தில் உதிர்ந்ததைப் பொறுக்கி, உரித்துக் காயவைத்தவள். கோழிக்குத் தீனி வைத்தவள். கோடையில் குழாய்த் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தோடு காத்து நின்றவள். குடும்பத் தோட்டத்தில் கூலியில்லாமல் செய்வதும் வேலைதான் என்று கணக்கெடுப்பின் விதியே சொல்கிறது. சமையலும் தண்ணீர் சுமப்பதும் அந்தக் கணக்கில் வராது. ஆனால் “சும்மா” என்ற பதிலோடு நின்றுவிட்டால் கணக்கில் வர வேண்டிய பாக்குத் தோட்ட வேலையும்கூட விடுபட்டுவிடும். அந்தப் 18 என்ற எண்ணுக்கு வெளியே இப்படி விடுபட்டவர்களும் இருக்கிறார்கள்.

எண்ணப்படாதவளுக்குப் பெரும்பாலும் நிலப் பத்திரமும் இருப்பதில்லை. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பில், நாட்டின் சாகுபடி நிலவுடைமைகளில் பெண்கள் நடத்துபவை நூற்றுக்குச் சுமார் 14. பேங்கில் பயிர்க்கடன் கேட்டால் முதலில் நிலத்தின் காகிதத்தைத்தான் கேட்பார்கள். 2005இல் திருத்தப்பட்ட இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை தந்துவிட்டது. வீட்டில் யாராவது அதை எடுத்துப் பேசினால்தானே அந்த உரிமை அவள் கைக்கு வரும்!

தோட்டம் ஒரு பெண்ணின் பெயரால் அறியப்பட்டால் என்ன நடக்கும் என்பதைத் தெற்கு அந்தமானின் ரங்கசாங்கில் பார்க்கலாம். அங்கே செல்லம்மாள் பத்து ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்கிறார். தென்னைக்கு இடையே கிராம்பு, இஞ்சி, அன்னாசி, வாழை. “நாரியல் அம்மா” என்று தீவே கூப்பிடுகிறது. 2024இல் பத்மஸ்ரீ விருது வந்தது. வேறு எத்தனையோ பெண்கள் அன்றாடம் செய்யும் அதே தோட்ட வேலைதான் அவர் செய்வதும். அவரை மட்டும் யாரும் ‘சும்மா இருக்கிறார்’ என்று சொல்லமாட்டார்கள்.

சம்பளம் வாங்கும் பெண்களிலும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கன்வாடி ஊழியர் குழந்தைகளுக்குச் சோறு போடுகிறார், எடை பார்க்கிறார், கர்ப்பிணிகளின் பதிவேட்டை எழுதுகிறார். 1975இல் இந்தத் திட்டம் தொடங்கிய நாள் முதல் அவருக்குத் தருவது மதிப்பூதியம், ஊதியம் அல்ல. அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில்தான் தீர்ப்பளித்தது. குழந்தையைக் கவனிப்பது பெண்ணின் இயல்பு, அதற்கு எதற்குச் சம்பளம் என்ற எண்ணம் எத்தனை ஆழமாக ஊறியிருக்கிறது, பாருங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பியதோடு நம் கடமை முடியவில்லை. மகள் பிளஸ் டூ பாஸானதும் எந்தக் கோர்ஸ் என்று பேசும்போதே எங்கே தங்குவாள் என்றும் பேசுங்கள். பஞ்சாயத்துக் கூட்டத்தில் ரோடும் விளக்கும் கேட்கும்போது, வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்குச் சாயங்காலம் வரை திறந்திருக்கும் காப்பகம் ஒன்றையும் கேளுங்கள். தோட்டத்துக் காகிதத்தில் மனைவியின் பெயரையும் சேருங்கள். அடுத்த முறை கணக்கெடுப்பவர் வாசலுக்கு வரும்போது, வீட்டுப் பெண் என்னென்ன வேலை செய்கிறாள் என்று ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லுங்கள்.