படகுகள் குறைந்தது எப்படி?

திரெங்கானு கரைக்கு அப்பால் பீடோங் என்றொரு தீவு உண்டு. பரப்பளவு ஏறக்குறைய ஒரு சதுரக் கிலோமீட்டர். ஏக்கர் கணக்கில் 250-க்குச் சற்றுக் குறைவு. நம் ரப்பர் தோட்டங்களில் ஒரு டிவிஷனே அதைவிடப் பெரியதாக இருக்கும். 1979-ஆம் ஆண்டின் நடுவில் அந்தத் தீவில் சுமார் 40,000 பேர் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். தண்ணீரும் அரிசியும் கரையிலிருந்து போக வேண்டியிருந்தது.

இவர்கள் வியட்நாமிலிருந்து மீன்பிடிப் படகுகளில் வந்தவர்கள். 1975-இல் போர் முடிந்து ஆட்சி மாறியது. 1978-இல் தனியார் வணிகம் பறிபோனது. தங்கம் கொடுத்துப் படகில் இடம் வாங்கியவர்கள் பலர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் பாட்டன்மாருக்குக் கையில் சீட்டாவது இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

வருகிற படகை அரசாங்கம் என்ன செய்யும்? 1979-இல் நம் நாடு பல படகுகளைக் கடலுக்கே திருப்பி இழுத்துவிட்டது. இழுத்துவிட்ட படகு வியட்நாமுக்குத் திரும்பவில்லை. பல படகுகள் இந்தோனேசியத் தீவுகளில் போய் ஒதுங்கின. ஒரு வீட்டு வாசலில் இருந்த சுமை அடுத்த வீட்டு வாசலுக்குப் போயிற்று, அவ்வளவுதான்.

அதே ஆண்டு ஜூலையில் ஜெனீவாவில் 65 நாடுகள் கூடின. சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேரைக் குடியேற்ற மேல்நாடுகள் முன்வந்தன. கள்ளத்தனமான புறப்பாட்டைத் தடுப்பதாக வியட்நாம் வாக்களித்தது. பெயரைப் பதிந்து, விசா பெற்று, விமானத்தில் வெளியேறவும் வழி திறந்தது. சில மாதங்களில் படகுகள் வெகுவாகக் குறைந்தன. வியட்நாம் தன் கரையில் போட்ட காவலே உடனடிக் காரணம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் காவல் மட்டும் போதுமா? விமானத்துக்குக் காத்திருப்பது ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1986-இல் அமெரிக்காவுக்குப் போவோரின் நேர்காணல்களை வியட்நாம் நிறுத்தி வைத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் படகுகள் மறுபடியும் பெருகின.

பிறகுதான் 1989-இல் இன்னொரு ஏற்பாடு வந்தது. அந்த ஆண்டு மார்ச் 14-க்குப் பின் நம் கரைக்கு வந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்தார்கள். ஊரில் துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்தவர் என்று தெரிந்தால் வேறு நாட்டில் குடியேறலாம். இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டும். அதற்கு முன் கரை சேர்ந்தாலே போதும், என்றாவது ஒரு நாள் அமெரிக்காவோ ஆஸ்திரேலியாவோ கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. அது போயிற்று. படகுகளும் ஓய்ந்தன. விசாரணை எல்லா இடத்திலும் நேர்மையாக நடந்ததென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அது குறித்து அப்போதே குறைகள் எழுந்தன.

பீடோங் முகாம் 1991-இல் மூடப்பட்டது. மறுக்கப்பட்டும் ஊர் திரும்ப மனமில்லாதவர்கள் சுங்கை பெசி முகாமில் இருந்தார்கள். அதுவும் 1996-இல் மூடப்பட்டது.