சூடான கத்தியும் மொட்டை டயரும்

அம்பத்தூர் எஸ்டேட் வழியாகப் பஸ்ஸில் வரும் நண்பர்களுக்கு 'டன்லப்' ஸ்டாப்பிங் தெரியாமல் இருக்காது. 1959-இல் அங்கே தொடங்கிய டயர் தொழிற்சாலை இன்று ஓடவில்லை. பெயர் மட்டும் கண்டக்டர் வாயில் வாழ்கிறது! ஆனால் ரப்பரோடு மல்லுக்கட்டும் வேலை நம் வட்டாரத்தை விட்டுப் போய்விடவில்லை. டிப்பர் லாரிகள் ஒதுங்கும் ரோட்டோர டயர் கடைகளில் கருகிய ரப்பர் வாசனை வந்தால், உள்ளே யாரோ 'கட்டிங்' போட்டுக் கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டுவதுதான் கட்டிங்.

கருவி பார்க்க ரொம்ப சாதாரணம். கைப்பிடிக்குப் பின்னால் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர், முன்னால் 'U' வடிவத்தில் வளைத்த மெல்லிய பிளேடு. 230 வோல்ட் உள்ளே போய், ஒரு சில வோல்ட்டாக வெளியே வரும். வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் ஏறும் என்பது எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்குத் தெரிந்த கதை. அந்த வழியில் ரெசிஸ்டன்ஸ் அதிகமான இடம் பிளேடுதான் என்பதால் சூடெல்லாம் அங்கேயே பிறக்கிறது.

சூடு எதற்கு? ரப்பரை உருக்குவதற்கு என்று நினைத்தால் தப்பு. கந்தகம் சேர்த்து வல்கனைஸ் செய்த ரப்பர் மெழுகு மாதிரி உருகாது; சூடு மிஞ்சினால் கருகும். பிளேடு சிக்காமல் வழுக்கிப் போகும் அளவுக்குத்தான் சூடு வேண்டும். கை தெரிந்தவர் வெட்டினால் ரப்பர் ஒரே நீளமான நாடாவாகச் சுருண்டு வரும். புகை மண்டினால் சூடு அதிகம். நாடா பிய்ந்து பிய்ந்து வந்தால் சூடு போதவில்லை, அல்லது கை அவசரப்படுகிறது. நான் பார்த்த ஒரு கடை அண்ணன் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: "கத்தியைத் தள்ளாத தம்பி, அதுவே போகட்டும்."

பிளேடில் இரண்டு வகை: அடி வட்டமானது, அடி சதுரமானது. சதுரம் பார்க்க அழகு. ஆனால் பள்ளத்தின் அடியில் கூர்மூலை விழுந்தால் ஸ்ட்ரெஸ் அங்கேதான் குவியும், விரிசலும் அங்கேதான் ஆரம்பிக்கும். ஷாஃப்ட்டில் ஃபில்லெட் ஏன் போடுகிறோம் என்று டிசைன் பேப்பரில் எழுதுகிறோமே, அதே விஷயம். (அரியர் வைத்திருப்பவர்களும் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.)

சரி, லாரிக்காரர் ஏன் வெட்டச் சொல்கிறார்? ஏரியில் சவுடு மண் ஏற்றும் டிப்பருக்கு ஈரக் களிமண்தான் எதிரி. பட்டன்களுக்கு நடுவே மண் அடைத்துக்கொண்டால் டயர் வெறும் உருளை ஆகிவிடும், பிடிப்பு போய்விடும். பெரிய பட்டன்களில் குறுக்கே பள்ளம் வெட்டினால் மண்ணைக் கடிக்கும் விளிம்புகள் கூடும், அடைத்த மண்ணும் உதிர வழி கிடைக்கும். இது நல்ல காரணம். ஆனால் இதே டயரைக் கல்குவாரிக்கு அனுப்பினால் கதை தலைகீழ். கூரான ஜல்லி, சிறிதாக்கப்பட்ட பட்டன்களைத் துண்டு துண்டாகப் பிய்த்துவிடும். பள்ளத்தில் சிக்கிய கல், வண்டி ஓட ஓட டயரைத் துளை போட ஆரம்பிக்கும். மண்ணுக்கு வெட்டலாம், கல்லுக்கு வெட்டக்கூடாது என்பது என் கருத்து.

இது பட்டன் நன்றாக இருக்கும் டயருக்கு. மொட்டை டயர் விஷயம் வேறு. ரீட்ரெடிங்கில் புது ரப்பர் ஏறுகிறது. கட்டிங்கில் ஒரு கிராம் கூட ஏறுவதில்லை, இருப்பதுதான் குறைகிறது. ஆகவே பள்ளத்துக்குக் கீழே எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேள்வி. சில லாரி டயர்களை அடியில் கூடுதல் ரப்பர் வைத்தே செய்கிறார்கள். பக்கச்சுவரில் 'ரீகுரூவபிள்' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். அதில் பொதுவாக 3, 4 மி.மீ. வெட்டலாம். டயர் முழுக்க மொட்டையாகும் வரை காத்திருக்கக் கூடாது, 3 மி.மீ. போல பட்டன் மிச்சம் இருக்கும்போதே, அதிகம் தேய்ந்த இடத்தை அளந்து, அந்த அளவுக்குப் பிளேடை வைத்து வெட்ட வேண்டும். அமெரிக்க விதிப்படி, வெட்டிய பள்ளத்துக்கும் நூலுக்கும் நடுவே 3/32 அங்குலம், அதாவது சுமார் 2.4 மி.மீ. ரப்பர் இருந்தே ஆகவேண்டும். பஸ்ஸின் முன் சக்கரத்துக்கு வெட்டிய டயரே கூடாது.

நம் ஊரில் நடக்கும் விபரீதம், அந்த எழுத்து இல்லாத டயரையும் எஃப்.சி.க்கு முன்னால் வெட்டுவது. நம் 1989 மோட்டார் வாகன விதிகள் லாரிக்குக் கேட்பது 1.6 மி.மீ. பள்ளம். கத்தியால் இழுத்தால் அந்த 1.6 கண்ணுக்குக் கிடைத்துவிடும். ஆனால் நூல் வெளியே எட்டிப் பார்க்கும். ரேடியல் டயராக இருந்தால் தண்ணீர் இறங்கி ஸ்டீல் பெல்ட் துருப்பிடிக்கும், ரப்பர் பெல்ட்டை விட்டுப் பிரியும். முழு லோடில் அது வெடிக்கும்போது பக்கத்தில் யார் போகிறார்கள்? பூந்தமல்லி ரோட்டில் நம்மில் பாதிப் பேர் டூவீலரில் இந்த டிப்பர்களுக்கு நடுவேதான் காலேஜுக்கு வருகிறோம்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கம்பெனிப் பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே 1.6 மி.மீ. உயரத்தில் சிறு மேடு இருக்கும், அதுதான் தேய்மானக் குறி. கத்தி போனால் அந்த மேடும் அறுந்திருக்கும், பள்ளத்தின் ஓரமும் கொஞ்சம் அலை அலையாக இருக்கும். சிக்னலில் நிற்கும்போது முதலில் மேட்டைப் பாருங்கள். அறுந்திருந்தால் பக்கச்சுவரில் அந்த எழுத்தைத் தேடுங்கள். எழுத்தும் இல்லையா? வண்டியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிறுத்திக்கொள்ளுங்கள்.