யுத்தம் விட்டுச்சென்ற ஓடுபாதை

கல்முனைக்குடிப் பிரதான வீதியில், மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வருகிறவர்களை ஓரமாய் ஒதுங்கச் செய்துகொண்டு மோட்டார் சைக்கிள்களில் விரைந்து மறையும் நம் வாலிபர்களைக் கண்டு பெரியவர்கள் முணுமுணுப்பது நித்தியக் காட்சியாகிவிட்டது. வேகத்தின்மீது மனிதனுக்குள்ள மோகம் பழையது. அந்த மோகத்துக்குரிய இடத்தைப் பொதுஜனங்கள் நடமாடும் ரஸ்தாவிலிருந்து பிரித்து வைக்க வேண்டுமென்ற ஞானந்தான் தாமதமாகப் பிறந்தது. மோட்டார் பந்தயத் தடங்களின் சரித்திரம் அந்த ஞானம் வளர்ந்த கதையே.

1907-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் மோட்டார் பந்தயத்துக்கென்றே ஒரு தடம் நிர்மாணிக்கப்பட்டது. ஆயினும் அத்தகைய தடங்கள் பெருகுவதற்குப் பேருதவி செய்தது, விசித்திரமாக, இரண்டாம் உலக மகாயுத்தம். விமானங்களுக்காக அவசர அவசரமாக அமைக்கப்பட்டு, சமாதானம் வந்தபின் கேட்பாரற்றுக் கிடந்த தளங்களில் ஒன்றான சில்வர்ஸ்டோனிலேதான், 1950 மே 13 அன்று உலகச் சாம்பியன் போட்டியின் முதற் பந்தயம் நடந்தேறியது. 1934-லேயே நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலைப்பாதையில் கார்களை ஏறவிட்டுப் பார்த்த நமது தீவிலும், களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தையின் யுத்தகால ஓடுபாதை பிற்காலத்தில் பந்தயக் களமாயிற்று.

தமிழகத்தில் இந்தப் பாக்கியம் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்துக்குக் கிடைத்தது. 1953-இல் ஸ்தாபிக்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அங்கிருந்த பழைய விமானத்தளத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தி, பெருந்திரளான ஜனங்களை ஈர்த்தது. ஆனால் ஓடுபாதை விமானத்துக்கு வகுக்கப்பட்டது. அதில் நேர்கோடு உண்டு, வளைவின் நயம் கிடையாது. ஆகவே அந்தக் கிளப் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், 3.717 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட புதிய தடத்தை நிர்மாணித்து 1990-இல் திறந்தது.

நேர்பாதையில் இயந்திரத்தின் பலம் தெரியும். சாரதியின் சாமர்த்தியம் தெரிவது வளைவிலேதான். வளைவுக்கு முன்பே பிரேக்கை அழுத்தி, வெளியோரத்திலிருந்து நுழைந்து, நடுவில் உள்ளோரத்தைத் தொட்டு, மறுபடி வெளியோரத்துக்கு விரிந்து செல்கிறவன், அதே வளைவைச் சற்றே நேராக்கிக்கொண்டு, வேகத்தை அதிகம் இழக்காமல் மீள்கிறான். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் இந்த வித்தையை இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் பழகியே பின்னர் ஃபார்முலா ஒன்று வரை சென்றார். 2005-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், சாய்வாக உயர்த்தப்பட்ட ஒரேயொரு வளைவின் அழுத்தத்தை ஒரு கம்பெனியின் டயர்கள் தாங்கமாட்டா என்ற அச்சத்தால் 14 கார்கள் விலகிக்கொள்ள, எஞ்சிய ஆறில் அவர் நாலாவதாக வந்தார். ஒரு வளைவு ஒரு பந்தயத்தையே மாற்றிவிட்ட கதை அது.

இவற்றினும் முக்கியமான அங்கமொன்று பார்வையாளர் கண்ணில் எளிதில் படுவதில்லை. வளைவுக்கு அப்பால் வெறுமையாக விடப்பட்டிருக்கும் சரளைக்கல் பரப்பே அது. கட்டுப்பாட்டை இழந்த வண்டி அதிலே புதைந்து வேகம் தணியும். அதையும் கடந்தால் டயர் அடுக்குகள் தாங்கும். அவற்றுக்கும் பின்னால், வேலிக்கு அப்புறத்தில்தான் ஜனங்களுக்கு இடம். அந்த இடைவெளியின் விலை என்ன என்பதை நமது தீவு துயரத்துடன் கற்றது: 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையின் ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் தடம் விலகிய கார் கூட்டத்துள் பாய்ந்து, ஒரு குழந்தை உட்பட ஏழு பேரின் உயிரைக் கவர்ந்தது.

பந்தயத் தடத்தை வகுக்கிறவர்கள், எத்தனை தேர்ந்த சாரதியும் ஒருநாள் தவறுவான் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்தத் தவறு எவரையும் தீண்டாமல் போய் அடங்குவதற்கு நிலம் ஒதுக்குகிறார்கள். நமது பிரதான வீதியில் அந்த நிலம் இருக்கவேண்டிய இடத்தில் கடை வாசல்களும், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளும், தொழுகைக்கு நடந்துபோகும் முதியவர்களுந்தான் இருக்கிறார்கள்.