ஆலை விளக்கும் நாற்றின் கணக்கும்

நெல் ஆலைகளின் களங்களையும் கடைத்தெருக்களையும் பொன்மஞ்சள் நிறத்தில் ஆழ்த்தியிருந்த சோடிய ஆவி விளக்குகள் பெரும்பாலும் இறக்கப்பட்டுவிட்டன. 2015ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசியத் தெருவிளக்குத் திட்டத்தால் நாடெங்கும் கம்பங்களில் எல்.இ.டி. விளக்குகள் ஏறின, ஆலைகளும் அவ்வழியே சென்றன. இறங்கியவை காயலான் கடைகளை வந்தடைந்தன. (காயல்பட்டின வணிகரால் வந்த பெயர் இது என்பர். அவ்வாறாயின், பயன் தீர்ந்த பொருளுக்கு மறுவாழ்வு தரும் தொழிலுக்கே நம் வணிக முன்னோர் தம் ஊர்ப்பெயரைத் தந்து சென்றுள்ளனர்.) எடைக்கு விற்கப்படும் இவ்விளக்கை வாங்கி, மீண்டும் கம்பி இணைத்து, ஓர் அறைக்குள் செடி வளர்க்க இயலுமா என்று மாணவர் வினவுவதுண்டு. இயலும். ஆயின் பயிர் விளக்கொளியை இருவகையில் ஏற்கிறது: உணவாகவும் ஏற்கிறது, காலக்குறிப்பாகவும் ஏற்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் விளக்கை ஏற்றுவோர் பணத்தை இழப்பர். வயலருகே ஏற்றினால் பிறர் விளைச்சலையும் கெடுப்பர்.

முதலில் உணவைக் காண்போம். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பசுமஞ்சள் ஒளியையே மிகுதியாக உணர்கிறது. லூமென், லக்ஸ் என்னும் அளவுகள் கண்ணின் இவ்வியல்பை ஒட்டி வகுக்கப்பட்டவை. இலையோ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளி முழுவதையும் பயன்படுத்துகிறது. அதிலும் சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாக உறிஞ்சுகிறது. ஒளி வேறு, அதனைப் பெறும் உறுப்பு வேறு என்னும் தெளிவுக்கு வழிவகுத்தோருள் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைத்தம் முதன்மையானவர். ஒளி கண்ணிலிருந்து புறப்படுவதில்லை, பொருளிலிருந்து கண்ணை வந்தடைகிறது என்று பதினோராம் நூற்றாண்டிலேயே தம் கிதாபுல் மனாழிரில் அவர் விளக்கினார். லக்ஸ் கணக்கைக் கொண்டு செடிக்கு ஒளி அளப்போர் இந்தப் பாடத்தை மறந்தவர் ஆவர்.

400 வாட் சோடிய ஆவி விளக்கின் ஒளியில் மஞ்சளும் செம்மஞ்சளும் மிகுதி; அவை இலைக்குப் பயன்படும். நீலம் மிகக் குறைவு. ஆகவே அவ்வொளியில் மட்டும் வளரும் நாற்று தண்டு நீண்டு மெலிந்து சாயும். அருகில் இரண்டொரு வெள்ளைக் குழல் விளக்குகளைச் சேர்த்தால் இக்குறை பெரிதும் நீங்கும். இவ்விளக்கை எளிதாகக் கருத வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்ணாடிக்குடிலில் சோடிய ஆவி விளக்குகளை ஏற்றி, நாளொன்றுக்கு 22 மணி நேரம் ஒளி தந்து, கோதுமையில் ஆண்டுக்கு ஆறு தலைமுறை வரை காண முடியும் என 2018இல் வெளியிட்டனர்.

இனி இணைப்பு முறை. இவ்விளக்கை நேரே 230 வோல்ட்டில் இணைக்கலாகாது. விளக்கினுள் ஆவி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கியதும் அதன் தடை சரிந்து மின்னோட்டம் கட்டின்றிப் பெருகும். அதனை அடக்குவது சோக் என்னும் கம்பிச்சுருள். மின்னோட்டத்தைத் தொடக்கிவைக்கச் சில ஆயிரம் வோல்ட் துடிப்பு தருவது இக்னைட்டர். மூன்றாவதாகிய மின்தேக்கி, திறன் காரணியைச் சீர்செய்வதற்காக வழங்குகம்பிகளுக்குக் குறுக்கே இணைக்கப்படுவது. பேஸ் கம்பி சோக்கைக் கடந்து ஹோல்டரின் நடுமுனைக்கும், நியூட்ரல் திருகு விளிம்புக்கும் செல்ல வேண்டும். மாற்றினால் விளிம்பைத் தொட்டவர்க்கு ஆபத்து. இக்னைட்டரில் அச்சிட்ட படத்தைப் பின்பற்றி அதனை விளக்கின் அருகிலேயே பொருத்துக. 400 வாட் சோக்கோடு 250 வாட் விளக்கையோ, பாதரச விளக்கின் சோக்கோடு சோடிய விளக்கையோ சேர்த்தல் கூடாது. உலோகக் கூட்டுக்கு எர்த் கட்டாயம். ஈரம் புழங்கும் இடமாதலால் மின்கசிவு துண்டிப்பானும் வேண்டும். மின்தேக்கி, மின்சாரத்தை நிறுத்திய பின்னும் தன்னுள் மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடியது. பழகிய மின்பணியாளர் உடனிருக்கவே இவ்வேலையைச் செய்ய வேண்டும். இதில் வெட்கத்திற்கு இடமில்லை.

பாதரச ஆவி விளக்கைப் பற்றித் தனியே எச்சரித்தல் நன்று. அதன் வெளிக்குமிழ் உடைந்தும் உட்குழல் எரியக்கூடும். அப்போது வெளிப்படும் புறஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் எரித்துவிடும். பொது ஒளியூட்டலுக்கான இவ்வகை விளக்குகளின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2020ஐ இறுதி ஆண்டாக வகுத்தது. கடையில் கிடைத்தாலும் அதனை வாங்காதிருத்தலே அறிவுடைமை.

செலவைக் கணக்கிடுவோம். விளக்கு 400 வாட். சோக்கில் வெப்பமாக இழப்பது ஏறத்தாழ 40 வாட். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரித்தால் 5.28 யூனிட், முப்பது நாளில் 158 யூனிட். இதனால் ஒளி பெறுவது ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பே. காவிரிக் கரையில் நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸை எட்டுகிறது, அதுவும் விலையின்றி. ஆகவே நெல்லை விளைவித்து உண்பதற்கு இவ்விளக்கு உதவாது. நாற்றங்கால் சோதனைக்கும் கல்லூரி ஆய்வுக்கூடத்திற்கும் விதைப் பெருக்க ஆராய்ச்சிக்குமே இது தகும்.

உணவாகும் ஒளிக்கு இத்தனை செலவு. காலக்குறிப்பாகும் ஒளிக்கோ செலவு ஏதுமில்லை எனலாம்.

பகலிரவின் நீளத்தைக் கொண்டு செடிகள் பூக்கும் பருவத்தை அறிகின்றன என்பதை 1920இல் அமெரிக்க அறிஞர் கார்னரும் அல்லார்டும் வெளியிட்டனர். செடி உண்மையில் அளப்பது இடையறாத இருளையே என்பதை 1938இல் ஹாம்னர், பானர் ஆகியோரின் சோதனை காட்டிற்று. நெல் குறும்பகல் பயிர். இரவு நீண்டால் கதிர் கட்டும். தஞ்சையில் மிக நீண்ட பகல் 12 மணி 45 நிமிடம், மிகக் குறுகியது 11 மணி 30 நிமிடம். வேறுபாடு ஒன்றேகால் மணி நேரமே. பள்ளிவாசல் அட்டவணையில் மஃரிபு நேரம் ஆண்டு முழுதும் முன்பின்னாக நகரும் அளவு ஒரு மணிக்கும் குறைவு. தொழுகையாளர் அட்டவணை பார்த்து அறியும் இம்மாற்றத்தைப் பழைய சம்பா வகைகள் பல இலையினாலேயே அறிகின்றன. இலையிலுள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமியே அக்கடிகாரத்திற்குக் கண். சிவப்பொளி பட்டதும் அது பகலெனக் கருதும்.

முழுநிலவின் ஒளி அரை லக்ஸுக்கும் குறைவு. அது பயிரை ஏமாற்றுவதில்லை. சாலையோரக் கம்பத்தின் கீழ் விழும் ஒளியோ அதனினும் பன்மடங்கு. அவ்வொளி படும் பகுதியில் பகலுணர் சம்பா, இரவு இன்னும் நீளவில்லை என்றெண்ணி இலையை மட்டும் வளர்த்துக்கொண்டு நிற்கும். சுற்றிலும் கதிர் முற்றிப் பொன்னிறம் கொண்டிருக்க, கம்பத்தடியில் மட்டும் பசுமை வட்டம் தெரியும். அறுவடை இயந்திரம் அந்த வட்டத்தை விட்டுவிட்டுச் செல்வதில்லை. முற்றாத நெல்லும் முற்றிய நெல்லும் கலக்கின்றன. கொள்முதல் நிலையத்தின் பொது வரம்பான 17 விழுக்காட்டு ஈரப்பதத்தை நெல் தாண்டுகிறது. உழவர் தம் களத்தையும் தம் உழைப்பையும் நொந்துகொள்கிறார். தலைக்கு மேலிருக்கும் விளக்கை நினைப்பதில்லை. ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால வகைகள் நாளெண்ணி விளைபவை. அவற்றுக்கு இத்தொல்லை இல்லை.

இதற்காகச் சாலை விளக்கை அணைத்துவிடுக என்று கூறுவது பொறுப்பாகாது. பாம்பும் பள்ளமும் உள்ள வழியில் பெண்களும் பிள்ளைகளும் நடக்கிறார்கள். வயற்பக்கம் ஒளி சிந்தாதபடி கூட்டுக்கு ஒரு தகடு மறைப்பு இட்டால் போதும். காயலான் கடை விளக்கை வீட்டுப் புழக்கடையில் ஏற்றுவோர்க்கும் இதுவே விதி: சன்னலுக்கு அப்பால் யாருடைய வயல் உள்ளது என்று பார்த்தபின் ஏற்றுக.

இதே இயல்பை ஆராய்ச்சியாளர் நன்மைக்குத் திருப்பியுள்ளனர். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த விரைவு முறையில், இளம்பயிருக்கு நீண்ட நேரம் ஒளி தந்து வளர்த்து, பின்பு பகலைப் பத்து மணி நேரமாகக் குறைத்துப் பூக்கச் செய்கின்றனர். இதனால் ஆண்டில் நான்கைந்து தலைமுறை கிடைக்கிறது. அங்கே விளக்கைக் காட்டிலும் அதனை நிறுத்தும் கடிகாரமே முதன்மையானது.

நம் மாணவர் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. பகலுணர் சம்பா வகை ஒன்றையும் ஆடுதுறை 43ஐயும் பத்துப் பத்துத் தொட்டிகளில் விதைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஐந்து தொட்டிகளை இரவு முழுதும் விளக்கொளி படும் மூலையிலும், ஐந்தை இருளிலும் வைத்து, முதற்கதிர் தோன்றும் நாளைக் குறித்து வருக. பகலில் எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே வெயில் கிடைக்க வேண்டும். காவலர் கைவிளக்கும் இருட்டு மூலைக்கு வரலாகாது. ஆவணியில் விதைத்தல் வேண்டும். சித்திரையில் விதைத்தால் நீண்ட பகலே சம்பாவைப் பல வாரம் தாமதப்படுத்தும். குற்றம் விளக்கினுடையதா வெயிலினுடையதா என்று பிரித்தறிய இயலாது.