சட்டைப்பைக் காமிராவா, ஆடிக் காமிராவா?

காமிரா வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்கும் கேள்வி, “இது எத்தனை மெகாபிக்சல்?” என்பதுதான். கடைக்காரரும் சளைக்காமல் விடை சொல்வார். இதோ, ஒரு பக்கம் கேனான் இக்சஸ் 185. சட்டைப்பைக்குள் அடங்கிவிடும், எடை 126 கிராம், 2 கோடிப் பிக்சல்கள். மறுபக்கம் நிக்கான் டி3500. இது டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் வகை. தன்னோடு வரும் 18–55 மி.மீ. லென்சையும் சேர்த்தால் 600 கிராமைத் தாண்டும். 2 கோடியே 40 லட்சம் பிக்சல்கள். முன்னது 2017இலும் பின்னது 2018இலும் வெளிவந்தவை. பிக்சல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அப்படியானால் பல மடங்கு விலையையும் ஐந்து மடங்கு எடையையும் ஒருவர் எதற்காகச் சுமக்க வேண்டும்?

விடை காண, காமிராவின் உள்ளே இருக்கும் சிலிக்கன் தகட்டைப் பார்க்க வேண்டும். பழைய காமிராவில் பிலிம் செய்த வேலையை இன்று இத்தகடு செய்கிறது. இதன் மேற்பரப்பு நுண்ணிய கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். ஒளித்துகளான போட்டான் ஒன்று கட்டத்தில் விழுந்தால் சிலிக்கனிலிருந்து ஓர் எலெக்ட்ரான் விடுபடும். இவ்வாறு சேரும் எலெக்ட்ரான்களின் அளவைக் கொண்டு அந்த இடம் எவ்வளவு பிரகாசமானது என்று கருவி அறிகிறது. பிக்சல் எண்ணிக்கை, படம் எத்தனை கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது என்பதைச் சொல்லும். கட்டம் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லாது. சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

இக்சஸ் 185இன் தகடு 6.2 மி.மீ. நீளமும் 4.6 மி.மீ. அகலமும் கொண்டது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பரப்பு ஏறக்குறைய 28 சதுர மி.மீ. டி3500இன் தகடு 23.5 × 15.6 மி.மீ.; பரப்பு 367 சதுர மி.மீ. அதாவது 13 மடங்கு. பிக்சலின் பக்க அளவு முன்னதில் சுமார் 1.2 மைக்ரான், பின்னதில் 3.9 மைக்ரான். (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான்.)

பெரிய கட்டத்தால் என்ன பயன்? மழை பெய்யும்போது முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு டம்ளரையும் வைத்துவிட்டு, ஒரு விநாடியில் எத்தனை துளிகள் விழுகின்றன என்று எண்ணுவதாகக் கொள்வோம். அண்டாவில் விழும் துளிகளின் எண்ணிக்கை விநாடிக்கு விநாடி அதிகம் மாறாது. டம்ளரிலோ ஒரு முறை 3 விழும், மறுமுறை 7 விழும், இன்னொரு முறை ஒன்றுமே விழாது. மழை என்னவோ ஒரே மழைதான். ஒளியும் இவ்வாறே முறையின்றிச் சிதறி விழுகிறது. இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது கணிதம். சராசரியாக 100 போட்டான்கள் விழும் கட்டத்தில் 10 கூடலாம், குறையலாம். அது 10 சதவீதப் பிழை. 10,000 விழும் கட்டத்தில் 100 கூடலாம், குறையலாம். அது 1 சதவீதமே. வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தால் எல்லாக் கட்டங்களும் ஒரே அளவு காட்ட வேண்டும் அல்லவா? மங்கிய வெளிச்சத்தில் சிறிய காமிரா எடுத்த படத்தில் சுவரின் மேல் மணலைத் தூவியது போல் தெரிவதற்கு இதுவே முதற்காரணம். பட்டப்பகலில் போட்டான்களுக்குப் பஞ்சமில்லை. அப்போது இரண்டு காமிராக்களின் படங்களையும் அஞ்சலட்டை அளவில் அச்சிட்டு வைத்தால் வேறுபாடு காண்பது கடினம். மாலையில், கல்யாண மண்டபத்தில், விளக்கடியில்தான் வேற்றுமை வெளிப்படும்.

பிலிம் இருந்த நாளில் இந்தச் சிக்கல் வேறு விதமாக இருந்தது. 1925இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த லைக்கா சிறிய காமிராதான். ஆனால் அதன் பிலிம் சட்டம் 24 × 36 மி.மீ. பின்னாளில் வந்த பெரிய எஸ்.எல்.ஆர். காமிராக்களிலும் அதே 24 × 36 மி.மீ. சட்டம்தான். 1979இல் வந்த ஒலிம்பஸ் எக்ஸ்.ஏ. உண்மையாகவே சட்டைப்பையில் அடங்கும்; அதிலும் அதே பிலிம் சுருள். பிலிம் சுருள் எல்லோருக்கும் பொது. காமிரா சிறியது என்பதற்காகப் படம் சிறுத்துவிடவில்லை. சிலிக்கன் தகடு வந்ததும் கணக்கு மாறியது. வட்டமான ஒரு சிலிக்கன் வில்லையில் இத்தகடுகளைப் பலவாக உருவாக்கி வெட்டி எடுக்கிறார்கள். தகடு பெரிதானால் ஒரு வில்லையிலிருந்து கிடைப்பவை குறையும். எங்கோ ஒரு சிறு பழுது இருந்தால் வீணாகும் பரப்பும் கூடும். ஆகவே பரப்பு பெருகுவதைவிட வேகமாக விலை பெருகுகிறது. மலிவான காமிராவுக்குள் சிறிய தகடு வந்து உட்கார்ந்த கதை இதுதான்.

துவாரத்தின் கணக்கு

தகட்டைப் போலவே முக்கியமானது லென்சின் துவாரம். தகடு எவ்வளவு பெரிதானாலும் லென்ஸ் ஒளியை உள்ளே விட்டால்தானே! லென்சின் விளிம்பில் ‘எஃப்/3.5’ என்பது போல் பொறித்திருப்பார்கள். குவியத்தூரத்தை இந்த எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துவாரத்தின் விட்டம் கிடைக்கும். பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு வாசகர்களே போட்டுப் பார்க்கலாம்.

டி3500இன் லென்ஸ் மிக விரிந்த காட்சியைக் காட்டும்போது குவியத்தூரம் 18 மி.மீ., எண் எஃப்/3.5. விட்டம் 5.1 மி.மீ. அதே அளவு காட்சியை இக்சஸ் 185 காட்டும்போது குவியத்தூரம் 5 மி.மீ., எண் எஃப்/3.2. விட்டம் 1.6 மி.மீ. எஃப் எண்ணைப் பார்த்தால் சின்னக் காமிரா ஒரு படி மேல் என்று தோன்றும். துவாரத்தைப் பார்த்தால் உண்மை புலப்படும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே ஒரே காட்சி, ஒரே நேர அளவு என்றால் டி3500இன் தகட்டுக்கு ஏறக்குறைய 11 மடங்கு ஒளி போய்ச் சேருகிறது.

இதே கணக்கை 2012இல் சோனி வெளியிட்ட ஆர்.எக்ஸ்.100 என்ற காமிராவுக்குப் போட்டுப் பார்ப்போம். இதுவும் சட்டைப்பைக் காமிராதான். எடை 240 கிராம். தகடு 13.2 × 8.8 மி.மீ. விரிந்த நிலையில் குவியத்தூரம் 10.4 மி.மீ., எண் எஃப்/1.8. விட்டம் 5.8 மி.மீ. வருகிறது! டி.எஸ்.எல்.ஆருடன் சேர்த்து விற்கப்படும் லென்சைவிட இது அகலம். இப்படிப்பட்ட காமிரா வைத்திருப்பவர், விரிந்த காட்சிகளைப் பொறுத்தவரை, பெரிய காமிராக்காரரைப் பார்த்து ஏங்க வேண்டியதே இல்லை. ஜூமை முழுவதும் நீட்டினால் நிலைமை சற்று மாறும்: சோனியின் துவாரம் 7.6 மி.மீ., நிக்கானுடையது 9.8 மி.மீ.

அப்படியானால் டி.எஸ்.எல்.ஆர். வாங்குவதன் பயன் என்ன? லென்சைக் கழற்றி வேறொன்றைப் பொருத்த முடியும் என்பதே. 50 மி.மீ. எஃப்/1.8 என்பது டி.எஸ்.எல்.ஆர். லென்சுகளில் விலை குறைந்த ஒன்று. அதன் துவாரம் சுமார் 28 மி.மீ. கூடவே வந்த லென்ஸ் 50 மி.மீ. நிலையில் விடுவதைப்போல் சுமார் 9 மடங்கு ஒளியை அது விடுகிறது. 9 மடங்கு ஒளி என்றால், 1/30 விநாடியில் எடுக்க வேண்டிய படத்தை 1/250 விநாடியில் எடுத்துவிடலாம். மேடையில் ஆடுபவரின் கை கலங்காது. பெரிய காமிராவை வாங்கிவிட்டு, கூட வந்த லென்சைக் கடைசிவரை கழற்றாதவர்கள்தாம் பெரும்பாலோர். அவர்கள் எடையைச் சுமக்கிறார்கள். அதன் பலனில் ஒரு பகுதியைத்தான் பெறுகிறார்கள். லென்ஸ் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை: டி3500 போன்ற தொடக்க நிலை நிக்கான் கருவிகளின் உடலில் குவிப்பு மோட்டார் கிடையாது. லென்சுக்குள்ளேயே மோட்டார் இருக்க வேண்டும். இல்லையேல் பழைய லென்சைக் கையால்தான் திருகிக் குவிக்க வேண்டும்.

துவாரம் சிறுத்தால் மற்றொரு தொல்லையும் உண்டு. எவ்வளவு சிறந்த லென்சும் ஒரு விண்மீனைப் புள்ளியாகக் காட்டாது. சிறு வட்டமாகவே காட்டும். ஒளி அலையாக இருப்பதால் துவாரத்தின் விளிம்பில் வளைந்து விரிவதே காரணம். ஆங்கிலேய வானியலறிஞர் ஜார்ஜ் ஏரி 1835இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். அலைநீளத்தை எஃப் எண்ணாலும் 2.44ஆலும் பெருக்கினால் அவ்வட்டத்தின் விட்டம் வரும். இக்சஸ் 185இன் ஜூமை முழுவதும் நீட்டினால் எண் எஃப்/6.9, பச்சை ஒளிக்கு வட்டம் 9.3 மைக்ரான். பிக்சலோ 1.2 மைக்ரான். ஒரு புள்ளி ஏழெட்டுப் பிக்சல்களின் குறுக்கே பரவிக் கிடக்கிறது! பெட்டியின் மேல் அச்சிட்ட 2 கோடி, அந்த நிலையில் பெயரளவுக்குத்தான். டி3500இல் எஃப்/5.6 நிலையில் வட்டம் 7.5 மைக்ரான், இரண்டு பிக்சல் அகலம்தான்.

ஆடி செய்யும் வேலை

டி.எஸ்.எல்.ஆர். காமிராவுக்குள் தகட்டின் முன்னால் ஓர் ஆடி 45 பாகைச் சாய்வில் நிற்கிறது. லென்ஸ் வழி வரும் ஒளியை அது மேலே திருப்புகிறது. அங்குள்ள வேறு ஆடிகள் பிம்பத்தை நேராக்கிக் கண்ணுக்கு அனுப்புகின்றன. பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே எழும்பும், ஷட்டர் திறந்து மூடும், ஆடி திரும்பக் கீழே விழும். ‘சடக்’ என்று கேட்கும் ஓசை இதுதான். கண் பார்ப்பது ஒளியையே ஆதலால் உச்சி வெயிலிலும் காட்சி தெளிவாகத் தெரியும். பின்திரையை மட்டும் நம்பும் சிறிய காமிராவை நண்பகலில் பிடித்துப் பாருங்கள். திரையில் உங்கள் சட்டைதான் தெரியும்.

ஆடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதன் நடுப்பகுதி சிறிது ஒளியைக் கசியவிடுகிறது. அதன் பின்னுள்ள குட்டி ஆடி அவ்வொளியைக் கீழே ஓர் உணர்விக்கு அனுப்புகிறது. லென்சின் ஒரு பாதியின் வழியே வந்த பிம்பமும் மறு பாதியின் வழியே வந்த பிம்பமும் எவ்வளவு விலகியுள்ளன என்று உணர்வி அளக்கிறது. லென்சை எப்பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது ஒரே அளவீட்டில் தெரிந்துவிடுகிறது. இக்சஸ் போன்ற காமிராக்களில் இந்த வசதி இல்லை. லென்சை முன்னும் பின்னும் நகர்த்தி, படம் எப்போது மிகக் கூர்மையாகிறது என்று தேடிப் பிடிக்கின்றன. உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் படம் பிடிக்க இது போதும். ஓடிவரும் பேரனைப் பிடிக்க முடியாது. படத்தில் அவன் முதுகுதான் கிடைக்கும். டி3500இலும் கண்ணாடித் துளையை விட்டுப் பின்திரையைப் பார்த்து எடுத்தால், ஆடி மேலேறி நின்றுவிடுவதால், அதுவும் இந்தத் தேடும் முறைக்கே வந்துவிடும்.

சிறிய காமிராவுக்கு வாதாட ஒன்றும் இல்லையோ என்று எண்ண வேண்டாம். சிறிய தகடும் குறுகிய குவியத்தூரமும் சேர்ந்தால், அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒருசேரக் கூர்மையாக விழும். பூவையும் அதன்மேல் ஊரும் எறும்பையும் சில சென்டிமீட்டர் அருகே போய் எடுக்க இதுவே ஏற்றது. பெரிய காமிராவில் இதற்குத் தனி லென்ஸ் வாங்க வேண்டும். வாங்கினாலும் எறும்பின் தலை கூர்மையானால் வால் மங்கும். தாவரவியல் படிக்கும் மாணவருக்கு நான் சிறியதையே சொல்வேன். அது எப்போதும் பையில் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த இடத்தில் கைபேசியைப் பற்றிச் சொல்லாமல் தீராது. ஜப்பானியக் காமிராத் தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010இல் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன; 2023இல் 80 லட்சம்கூட இல்லை. விழுந்தவற்றில் பெரும்பகுதி இக்சஸ் போன்ற சிறு காமிராக்களே. கைபேசியின் தகடும் சிறியதுதான். ஆனால் அது ஒரு நொடிக்குள் பல படங்களை எடுத்து ஒன்றாகக் கூட்டிவிடுகிறது. டம்ளரைப் பல முறை மழையில் நீட்டிச் சராசரி காண்பது போன்ற தந்திரம் இது. காட்சி அசையாதவரை நன்றாகவே பலிக்கிறது. ஆதலால் நல்ல கைபேசி வைத்திருப்பவர் மிகச் சிறிய தகடுள்ள காமிராவுக்குப் புதிதாகப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. நீண்ட ஜூம் வேண்டும் என்பவர் மட்டும் யோசிக்கலாம். சட்டைப்பைக் காமிராதான் வேண்டும் என்றால் 13.2 × 8.8 மி.மீ. தகடுள்ளதைத் தேடுங்கள்.

டி.எஸ்.எல்.ஆரின் நிலையும் மாறிவிட்டது. ஆடியில்லாத காமிராக்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதால், கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு புதிய டி.எஸ்.எல்.ஆர். எதையும் வெளியிடவில்லை. மாணவருக்கு இது நல்ல செய்தியே. பழைய கருவிகள் குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. ஒளியின் விதிகள் பழசாவதில்லை. பறவை, விளையாட்டு, மேடை நிகழ்ச்சி ஆகியவற்றில் ஆர்வமுள்ளவர், பழைய உடலையும் ஒரு 50 மி.மீ. லென்சையும் சேர்த்து வாங்குவது புதிய உடலைத் தனியே வாங்குவதைவிட மேல்.

கைமாறிய கருவியை வாங்கும்போது இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்பது. தொடக்க நிலைக் கருவிகளின் ஷட்டர் சுமார் 1 லட்சம் முறைக்கு ஈடுகொடுக்கும். பல காமிராக்கள் எடுக்கும் படக் கோப்புக்குள்ளேயே இந்த எண்ணிக்கை பதிவாகி இருக்கும். மற்றொன்று, லென்சுக்குள் பூஞ்சை. நம் ஊர்க் கடலோரங்களிலும் மழைக்காலத்திலும் இது எளிதில் வளரும். லென்சைக் கழற்றி ஒரு பக்கம் டார்ச் விளக்கை அடித்து மறுபக்கம் பார்த்தால், சிலந்தி வலை போன்ற இழைகள் தெரியும். தெரிந்தால் அந்த லென்ஸ் வேண்டாம். வாங்கிய பின் தோல் உறையில் பூட்டி வைக்காமல், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும், சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு தட்டில் பரப்பி மிதமான சூட்டில் வாட்டினால் அதை மீண்டும் பயன்படுத்தலாம்.