பேறுகாலத்துக்குத் தாய் தயார், அரசு தயாரா?

புதுதில்லி: மும்பையின் பாண்டுப் பகுதி மாநகராட்சி மகப்பேறு மருத்துவமனையில் 2024 ஏப்ரல் இறுதியில் பிரசவத்துக்குச் சேர்ந்த இளம்பெண்ணும் அவரது சிசுவும் உயிரிழந்தனர். மின்தடையின்போது செல்போன் வெளிச்சத்தில் அறுவைச் சிகிச்சை நடந்ததாகக் குடும்பத்தினர் குற்றம்சாட்டினர். ஏழைக் குடும்பம் எவ்வளவுதான் தயாரானாலும் அரசு தயாராக இராவிட்டால் பயனில்லை என்பதை அச்சம்பவம் உணர்த்தியது.

அரசின் பொறுப்பு குறித்த விவாதம் இந்த நகரத்துக்குப் புதிதல்ல. 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்த அம்பேத்கர், தாய்க்கு ஓய்வளிப்பது தேச நலன் என்பதால் அதன் செலவில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என வாதிட்டார். மறு ஆண்டே சட்டம் வந்தது.

2017-ல் நாடாளுமன்றம் மகப்பேறு விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 ஆக உயர்த்தியது. வீட்டுவேலை செய்வோருக்கும் தெருவோர வியாபாரிகளுக்கும் அதனால் பலனில்லை. அவர்களுக்கு எஞ்சியிருப்பது உதவித்தொகை மட்டுமே.

அரசு ஊழியர்கள் நீங்கலாக, எல்லா கர்ப்பிணிகளுக்கும் ரூ.6,000-க்குக் குறையாமல் வழங்க 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் வகை செய்கிறது. பிரதமர் மாத்ரு வந்தனா திட்டத்திலோ முதல் பிரசவத்துக்கு ரூ.5,000 தான். மருத்துவமனைப் பிரசவத்துக்கான ஜனனி சுரக்ஷா உதவியையும் சேர்த்தால் சராசரியாக ரூ.6,000 வரும் என்பது அரசின் விளக்கம்.

இரண்டாவது குழந்தைக்கு 2022 முதல் ரூ.6,000 உண்டு, அதுவும் பெண்ணாகப் பிறந்தால் மட்டும். கருவின் பாலினத்தைத் தெரிவிப்பது 1994 சட்டப்படி குற்றம். ஆகவே பிரசவத்துக்குப் பின்னரே பணம் கிடைக்கும். ஓய்வும் சத்துணவும் தேவைப்படும் கர்ப்ப காலத்தில் தாயின் கை வெறுங்கையாகவே இருக்கும்.