பிளக் வரமாட்டேங்குதா?

லாரியில் ஸ்பார்க் பிளக்கைத் தேடாதீர்கள். டீசல் என்ஜினில் அது கிடையாது. நான் சொல்வது பெட்ரோல் குட்டி யானை. ரெண்டே சிலிண்டர், ரெண்டே பிளக்.

ஆடிக் கிருத்திகைக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, பூ லோடு ஏற்றவேண்டிய எதிர்வீட்டு அண்ணன் வண்டி இருமியது. ஒரு பிளக் கழன்றது. மற்றது அசையவில்லை. அண்ணன் ஸ்பேனரில் நீளமாய் ஒரு பைப்பைச் செருகினார். பி.காம். படித்த நான் கணக்கு மட்டும் போட்டேன்: பிளக்குக்கு சில நூறு, அலுமினிய ஹெட்டில் மரை பிய்ந்தால் பல ஆயிரம்!

நகரி மெக்கானிக் பைப்பைப் பிடுங்கிக்கொண்டார். "மெல்லகா, அண்ணா, மெல்லகா! என்ஜின் முழுசா ஆறணும். குழியில இருக்கிற மண்ணை ஊதிடுங்க, இல்லேன்னா சிலிண்டருக்குள்ள போயிடும். துரு எண்ணெய் நாலு சொட்டு, ராத்திரி பூரா ஊறட்டும்."

காலையில் கால் சுற்று தளர்த்தினார். இறுகியது. உடனே திரும்ப முடுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்தினார். இப்படியே முக்கால் மணி நேரம்.

"என்னப்பா இழுபறி!" என்றார் அண்ணன். 1953-ல் ஆந்திராவுக்குப் போன திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்ப 1960 ஆச்சே, அதைவிடவா?

ஒருவழியாய் வந்தது, மரை சேதமில்லாமல். புதுசை முதலில் விரலால்தான் திருகவேண்டும். கோணலாய்ப் போனால் விரலுக்குத் தெரியும், ஸ்பேனருக்குத் தெரியாது.